வீட்டுக் கணினிக்கு வேலியும் காவலும்: எதை வாங்குவது, எதை விடுவது?



இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் வட்டக்கச்சி, முரசுமோட்டை, கண்டாவளை, உருத்திரபுரம் முதலிய ஊர்களில் இன்று கணினி புதுமையான பொருள் அல்ல. பிள்ளையின் படிப்புக்கென்று கடனுக்கு வாங்கியதாக இருக்கலாம். வெளிநாட்டில் உள்ள உறவினர் தாம் பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினியாக இருக்கலாம். அது வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே ஒரு கேள்வியும் கூடவே வருகின்றது: "இதற்கு அன்ரிவைரஸ் போட வேண்டுமா? எது நல்லது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?"

கடைக்காரர் ஒன்றைச் சொல்வார். பக்கத்து வீட்டுத் தம்பி வேறொன்றைச் சொல்வார். கணினியின் திரையிலேயே "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, உடனே பணம் செலுத்துங்கள்" என்று ஓர் அறிவித்தல் வந்து பயமுறுத்தும். யார் சொல்வதைக் கேட்பது? விதைநெல் வாங்கும்போது நாம் கையில் எடுத்துப் பார்த்து, முளைதிறனை விசாரித்து, விலையையும் விளைச்சலையும் ஒப்பிட்டுத்தான் வாங்குகின்றோம். இந்த விடயத்தையும் அவ்வாறே நிறுத்துப் பார்ப்பது இப்பாடத்தின் நோக்கம். வாசித்து முடிக்கும்போது மூன்று கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லக்கூடியவர்களாக இருப்பீர்கள்: எமது கணினியில் காக்க வேண்டியது என்ன? காவல் மென்பொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது? கையில் உள்ள பணத்தை எதில் செலவிடுவது?

1. காக்க வேண்டியது என்ன?

கணினி பழுதானால் திருத்தலாம், அல்லது வேறொன்று வாங்கலாம். அதற்குள் இருப்பவற்றைக் கடையில் வாங்க முடியாது. அதுவே முதலில் மனதில் கொள்ள வேண்டியது.

1996-இல் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டவர்களும், 2008, 2009-இல் ஊர் ஊராக நகர்ந்தவர்களும் எதை எடுத்துச் சென்றார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். காணி அனுமதிப்பத்திரம், உறுதி, பிறப்பு, திருமணப் பதிவுகள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பையும் போய்விட்ட குடும்பங்களும் உண்டு. மீளக் குடியேறிய பின் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பிரதி எடுக்க எத்தனை தடவை பிரதேச செயலகத்துக்கு நடந்தோம் என்பது எமக்குத் தெரியும்.

இன்று அதே பத்திரங்களை ஸ்கான் செய்து கணினியில் வைத்திருக்கின்றோம். இறந்தவர்களினதும் காணாமற் போனவர்களினதும் ஒரேயொரு படம் உறவினரிடமிருந்து வட்ஸ்அப்பில் வந்து அங்கே கிடக்கலாம். இவை போனால் இரண்டாவது முறை தேடி எடுப்பது கடினம். ஸ்கான் நகல் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆயினும் அனுமதிப்பத்திரத்தின் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால், அலுவலகத்தில் பிரதி தேடுவது எவ்வளவோ இலகு.

ஆகவே எமது கேள்வி, "கணினியை எப்படிக் காப்பது" என்பதிலும் பார்க்க, "கணினிக்குள் இருக்கும் எமது பொருளை எப்படிக் காப்பது" என்பதே.

2. கிருமி எவ்வாறு உள்ளே வருகின்றது?

கணினி வைரஸ் என்பது உயிருள்ள கிருமி அல்ல. ஒரு மனிதர் எழுதிய மென்பொருளே அது. தன்னைத் தானே பிரதி செய்து பரவுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. 1986-இல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினி வியாபாரம் செய்த இரு சகோதரர்கள், தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் களவாகப் பிரதி செய்வதைக் கண்டு, அதற்கு எதிராக 'பிரெயின்' என்ற ஒரு சிறு நிரலை எழுதினார்கள். தமது பெயரையும் கடை முகவரியையும் கூட அதில் எழுதி வைத்தார்கள். அக்காலத்து நெகிழ்வட்டுகளில் ஏறி அது பல நாடுகளுக்கும் போய்விட்டது. ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் அதுவே.

அன்றிலிருந்து இன்றுவரை கிருமிகள் வந்த வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது வழி, கையில் கொண்டுவரும் பொருள். நெகிழ்வட்டின் இடத்தை இன்று பென் ட்ரைவ் பிடித்துள்ளது. போட்டோப் பிரதிக் கடை, ஸ்ரூடியோ, பாடசாலை, தனியார் வகுப்பு என்று ஒரே பென் ட்ரைவ் பல கணினிகளில் செருகப்படுகின்றது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் சிறிய அம்புக்குறியோடு தெரியும். உள்ளே இருந்த கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னைத் திறக்கும் குறுக்குவழியை அங்கே வைத்திருக்கின்றது. நாம் அதை இரண்டு தரம் அழுத்தும்போது கிருமிக்கு நாமே கதவு திறக்கின்றோம்.

இரண்டாவது வழி, இணைய இணைப்பு. 2003 ஓகஸ்டில் 'பிளாஸ்ரர்' என்ற கிருமி பரவியபோது, கணினியின் முன் இருந்தவர் எதையும் அழுத்தவில்லை. இணையத்தோடு தொடுத்திருந்ததே போதுமாக இருந்தது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வன்னாக்கிறை' என்ற கிருமியும் இவ்வாறே கணினிக்குக் கணினி தாவி, ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. ஐக்கிய இராச்சியத்தின் அரச வைத்தியசாலைகள் பல, நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதாவது மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டிருந்த கணினிகள் தப்பின.

மூன்றாவது வழி, ஆசை காட்டும் அல்லது அவசரப்படுத்தும் செய்தி. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸில் இருந்து புறப்பட்ட ஒரு மின்னஞ்சல், காதல் கடிதம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. திறந்தவர்களின் கோப்புகளைக் கெடுத்துவிட்டு, அவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் அதே கடிதத்தை அனுப்பியது. இன்று காதல் கடிதத்தின் இடத்தில் 'உங்கள் பொதி சுங்கத்தில் உள்ளது', 'உதவிப்பணம் கிடைத்துள்ளது', 'வங்கிக் கணக்கு முடக்கப்படும்' என்ற செய்திகள் வருகின்றன.

நான்காவது வழி, களவு மென்பொருள். 'கிராக்' செய்த விண்டோஸ், கிராக் செய்த தட்டச்சு மென்பொருள், கிராக் செய்த விளையாட்டு ஆகியவற்றைப் போடும்போது, "முதலில் அன்ரிவைரஸை நிறுத்துங்கள்" என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுப் பொருளை உள்ளே கொண்டுவரச் சொல்பவர் யார் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

3. தீச்சுவர் செய்வது என்ன, அன்ரிவைரஸ் செய்வது என்ன?

இவை இரண்டும் ஒன்றல்ல. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்றும் இல்லை.

ஃபயர்வோல் என்பதைத் தமிழில் தீச்சுவர் என்கின்றோம். கட்டடத்தின் ஒரு பகுதியில் பற்றிய தீ மறு பகுதிக்குப் போகாதபடி இடையில் எழுப்பும் சுவரிலிருந்து வந்த பெயர் இது. எமக்கு விளங்கும்படி சொன்னால், அது வளவின் வேலியும் படலையும் போன்றது. வீட்டில் உள்ளவர் அழைத்தவரை உள்ளே விடும். அழைக்காமல் வருபவரைப் படலையிலேயே திருப்பி அனுப்பும். நாம் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் அதற்குரிய பதில் உள்ளே வரும். முன்பின் தெரியாத கணினி ஒன்று தானாகக் கதவைத் தட்டினால் வராது. மேலே சொன்ன பிளாஸ்ரர் போன்ற இரண்டாவது வகைக் கிருமிகளைத் தடுப்பது இதன் வேலை.

ஆனால் நாமே அழைத்து உள்ளே விட்டவர் கள்வராக இருந்தால் படலை என்ன செய்யும்? பென் ட்ரைவில் வந்ததையும், நாமே தரவிறக்கியதையும் தீச்சுவர் தடுக்காது. அங்கே தேவைப்படுவது அன்ரிவைரஸ். அது கோப்புகளைத் திறக்கும்போது சோதிக்கின்றது. முன்னரே அறியப்பட்ட கிருமிகளின் பட்டியலோடு ஒப்பிடுகின்றது. பட்டியலில் இல்லாவிட்டாலும், ஒரு மென்பொருள் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் அந்த நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படுகின்றது.

பட்டியல் பழையதானால் காவலாளியின் கண் மங்கிவிட்டது என்று பொருள். நாளாந்தம் புதிய கிருமிகள் வருகின்றன. ஆறு மாதமாக இற்றைப்படுத்தாத அன்ரிவைரஸ், திரையில் ஓர் அடையாளமாக மட்டும் இருக்கும்.

4. நான்கு தெரிவுகளை நிறுத்துப் பார்ப்போம்

(அ) விண்டோஸோடு வருவது

இதைப் பலர் அறிவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது பெரிய திருத்தம் 2004 ஓகஸ்டில் வந்ததிலிருந்து, விண்டோஸில் தீச்சுவர் தானாகவே இயங்கும் நிலையில் உள்ளது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'டிஃபெண்டர்' என்ற அன்ரிவைரஸும் உள்ளேயே இருக்கின்றது. இரண்டுக்கும் தனியாகப் பணம் இல்லை. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கும் கட்டணமும் இல்லை.

ஆரம்ப ஆண்டுகளில் மைக்ரோசொஃப்ட் தந்த அன்ரிவைரஸ், சோதனைகளில் பின்தங்கியே இருந்தது. "விண்டோஸோடு வருவது சரிவராது" என்ற பேச்சு அக்காலத்திலிருந்து வந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. ஜெர்மனியின் மக்டபேர்க் நகரில் உள்ள ஏவி-ரெஸ்ற், ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரில் உள்ள ஏவி-கொம்பரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் அன்ரிவைரஸ்களைச் சோதித்துப் புள்ளியிடும் நிறுவனங்கள். அவற்றின் அண்மைக்காலச் சோதனைகளில் டிஃபெண்டர், விலைக்கு விற்கப்படுபவற்றோடு ஒத்த நிலையில் நிற்கின்றது.

இதில் ஒரு குறை எமக்கு முக்கியமானது. இணைய இணைப்பு இல்லாத வேளையில் இதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகின்றது. சந்தேகமான கோப்பை இணையத்தினூடாக நிறுவனத்தின் கணினிகளிடம் கேட்டு முடிவெடுக்கும் முறை இதற்குக் காரணம். டேட்டா முடிந்து இணைப்பில்லாமல் இருக்கும் வீட்டில், வெளியாரின் பென் ட்ரைவைச் செருகுவது கூடிய ஆபத்து. ஆகவே பிறரின் பென் ட்ரைவைத் திறக்கும் முன் கைத்தொலைபேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்துவிட்டுத் திறவுங்கள்.

(ஆ) வேறு நிறுவனங்களின் இலவச அன்ரிவைரஸ்

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டர் முதலியன இலவசப் பதிப்புகளைத் தருகின்றன. இவையும் நன்றாக வேலை செய்வனவே. இணைப்பில்லாத வேளையில் சில, டிஃபெண்டரிலும் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் நிறுவனம் எதையாவது பெறாமல் எதையும் தருவதில்லை. பெரும்பாலும் "கட்டணப் பதிப்புக்கு மாறுங்கள்" என்ற அறிவித்தல்களே அந்த விலை. சில வேளை விலை அதனிலும் பெரிது. அவாஸ்ட் நிறுவனம், தன்னை நம்பியவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விபரத்தைத் தன் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது. 2020-இல் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு அவாஸ்ட் மீது 1 கோடியே 65 லட்சம் டொலர் விதித்து, அத்தகைய விற்பனையையும் தடை செய்தது.

(இ) விலைக்கு வாங்குவது

காஸ்பர்ஸ்கை, ஈசெற், நோர்ட்டன், பிட்டிஃபெண்டர் முதலியவற்றை ஆண்டுக் கட்டணத்துக்குக் கடைகளில் விற்கின்றார்கள். பிள்ளைகள் பார்க்கும் பக்கங்களைக் கட்டுப்படுத்தும் வசதி, பல கணினிகளுக்கு ஒரே அனுமதி, சிக்கல் வந்தால் கேட்க ஓர் இடம் என்பன இவற்றின் நன்மைகள். முதலாம் ஆண்டு விலை குறைவாகவும் அடுத்த ஆண்டு கூடுதலாகவும் இருப்பது வழக்கம். காலம் முடிந்தபின் புதுப்பிக்காமல் விட்டால் காவல் தளர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த மடிக்கணினிகளில் இவ்வாறு காலாவதியான அன்ரிவைரஸ் ஒன்று அடிக்கடி காணப்படும். அதை முறையாக நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானாக வேலையைப் பொறுப்பேற்கும்.

காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக முழு நிச்சயம் கிடைப்பதில்லை. 2024 யூலை 19 அன்று, பெரும் நிறுவனங்கள் கூடிய விலை கொடுத்து வாங்கிய 'கிறவுட்ஸ்ரைக்' என்ற காவல் மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தல் ஒன்றால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன. அதைச் செய்தது கிருமியன்று, காவலாளியே.

எவர் வாங்கலாம்? நாளாந்தம் பலருடைய பென் ட்ரைவ்கள் வந்து போகும் போட்டோப் பிரதிக் கடைகள், கூட்டுறவுச் சங்க அலுவலகங்கள், கணினி வகுப்புகள் ஆகியன வாங்குவது நியாயமானது. ஒரு கணினி மட்டும் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

(ஈ) கிராக் செய்த அன்ரிவைரஸ்

இதற்கு நிறுத்துப் பார்க்க எதுவும் இல்லை. வேண்டாம். களவாக உடைத்த பூட்டை வாங்கி வந்து வீட்டுக் கதவில் போடுவது போன்றது. உடைத்தவரிடம் திறப்பு இருக்கின்றதா என்பது உங்களுக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: இரண்டு அன்ரிவைரஸ்களை ஒரே கணினியில் போட வேண்டாம். இரண்டு கிருமிநாசினிகளைக் கலந்து அடித்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்று எண்ணிப் பயிரைக் கருக்கியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். இங்கும் அவ்வாறே. ஒன்றை மற்றொன்று கிருமியென்று சந்தேகிக்கும். கணினி ஊர்ந்து செல்லும்.

இரண்டு: தனியான தீச்சுவர் மென்பொருள் வீட்டுக்கு வேண்டியதில்லை. அது ஓயாமல் "இதை விடவா, தடுக்கவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். பத்தாவது தடவைக்குப் பின் நாம் வாசிக்காமலே 'ஆம்' என்று அழுத்தத் தொடங்குவோம். அப்படியான வேலி இருந்தும் பயனில்லை. விண்டோஸின் தீச்சுவர் இயங்குகின்றது என்பதை உறுதி செய்வதே போதும். கடையிலோ பஸ் நிலையத்திலோ பொது வைஃபையில் இணையும்போது, அதைப் பொது வலையமைப்பு எனக் குறிப்பிடுங்கள். வேலி அப்போது இன்னும் இறுக்கமாகும்.

5. அரசாங்கத்துக்கே நேர்ந்தது

நல்ல அன்ரிவைரஸ் ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் எமது நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்வை அறிந்திருக்க வேண்டும்.

2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக்கணினி முறைமை தாக்கப்பட்டது. அரச திணைக்களங்கள் பாவிக்கும் மின்னஞ்சல்கள் அங்கேதான் இருந்தன. வந்த கிருமி, கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் கப்பம் கேட்கும் வகையைச் சேர்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமையை மீள இயக்க முடிந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட காலத்து மின்னஞ்சல்கள் போய்விட்டன.

காரணங்கள் இரண்டு. முதலாவது, அங்கே பாவித்த மின்னஞ்சல் மென்பொருள் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான திருத்தங்களை வெளியிடுவதை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. புதியதற்கு மாறுவது பணப் பற்றாக்குறையாலும் பிற காரணங்களாலும் தாமதப்பட்டிருந்தது. இரண்டாவது, அக்காலப் பகுதிக்கான பிரதிகள் அதே முறைமையோடு தொடுக்கப்பட்ட நிலையில் இருந்தன. கிருமி அவற்றையும் பூட்டிவிட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

பழைய மென்பொருள், கழற்றி வைக்காத பிரதி. எமது வீட்டுக் கணினிகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே அல்லவா?

6. ஆகவே பணத்தை எதில் செலவிடுவது?

அன்ரிவைரஸுக்கென்று ஒதுக்கிய பணம் உங்களிடம் இருந்தால், அதைக் கொண்டு ஒரு வெளி வன்தட்டையோ, குறைந்தது நல்லதொரு பென் ட்ரைவையோ வாங்குங்கள். இதுவே இப்பாடத்தின் முடிவு. காவல் மென்பொருள் எதுவும் என்றோ ஒரு நாள் தவறலாம். பிரதி இருந்தால் அந்த ஒரு நாளையும் தாங்கலாம். விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில், ஒரே வீட்டில் வைக்கலாகாது என்பது எமது மூத்தோர் அறிந்ததே.

பிரதி மூன்று இடங்களில் இருக்கட்டும்.

முதற் பிரதி கணினியில். இரண்டாவது பிரதி வெளி வன்தட்டில். பிரதி எடுத்தவுடன் அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே வைத்திருந்தால் கப்பக் கிருமி அதையும் பூட்டிவிடும். மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே. வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் ஒரு பென் ட்ரைவில் கொடுக்கலாம். அல்லது கூகிள் ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்பில், உறுதியான கடவுச்சொல்லோடு வைக்கலாம். வெள்ளம் வந்தாலும், வீடு மாற நேர்ந்தாலும், அந்த மூன்றாவது பிரதி தப்பும். இதன் பெறுமதியை இடம்பெயர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவற்றில் அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் இருப்பதால் அந்த வன்தட்டையும் ஒரு பெறுமதியான பத்திரமாகவே எண்ணுங்கள். இரவல் கொடுக்க வேண்டாம். படம் பார்ப்பதற்கென்று வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

7. பழைய கணினிகளைப் பற்றி

விண்டோஸ் 7-க்கான திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தன. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீடிப்பு அறிவிக்கப்பட்டது. திருத்தம் நின்றுபோன விண்டோஸில் அன்ரிவைரஸ் போடுவது, சுவர் இடிந்த வீட்டின் வாசலில் காவலாளியை நிறுத்துவது போன்றது.

கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமானால் மாறுங்கள். தாங்காவிட்டால் எறிய வேண்டாம். உபுண்டு, மின்ற் போன்ற லினக்ஸ் வகைகள் இலவசம். களவுப் பிரதியும் அல்ல. தட்டச்சு, இணையம், பாடங்கள் ஆகியவற்றுக்கு அவை போதும். விண்டோஸுக்கென எழுதிய கிருமிகள் அவற்றில் இயங்குவதும் அரிது. கணினி படிக்கும் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களைக் கொண்டே இதைச் செய்விக்கலாம்.

8. மாதம் ஒருமுறை செய்ய வேண்டியவை

சம்பளமோ நெல்லுப் பணமோ வரும் நாளைப் போல, மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று குறித்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் போதும்.

1. 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்ற பகுதியைத் திறவுங்கள். வைரஸ் காவல், ஃபயர்வோல் ஆகிய இரண்டிலும் பச்சை நிறச் சரி அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். மஞ்சளோ சிவப்போ இருந்தால் அங்கே எழுதியிருப்பதை வாசித்துச் சரிசெய்யுங்கள்.

2. விண்டோஸ் இற்றைப்படுத்தலைச் செய்யுங்கள். டேட்டா போய்விடும் என்று சில கடைகளில் இதை நிறுத்தியே தருகின்றார்கள். திரும்பவும் இயக்குங்கள். இரவு நேர டேட்டா உள்ள பொதி இருந்தால் அவ்வேளையில் செய்யலாம். அல்லது மாதம் ஒருமுறை வைஃபை உள்ள இடத்துக்கு மடிக்கணினியைக் கொண்டுபோகலாம்.

3. முழுக் கணினியையும் ஒருமுறை சோதிக்க விடுங்கள். அது நடக்கும்போது வேறு வேலையைப் பார்க்கலாம்.

4. புதிய பத்திரங்களையும் படங்களையும் வெளி வன்தட்டில் பிரதி செய்து, கழற்றி வையுங்கள். பிரதியில் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத பிரதி, பிரதி அல்ல.

பிள்ளைகளுக்கும் ஒரு விதி சொல்லுங்கள்: வெளியிலிருந்து வந்த பென் ட்ரைவை முதலில் சோதித்துவிட்டே திறக்க வேண்டும். அம்புக்குறியோடு தெரியும் கோப்புறையை அழுத்தக் கூடாது.

9. கிருமி வந்துவிட்டால்

பதற்றப்பட வேண்டாம். முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வெளி வன்தட்டைச் செருக வேண்டாம். முழுச் சோதனை செய்யுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கொடுத்தாலும் திறப்பு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெதர்லாந்துப் பொலிசாரும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பும் பிறரும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற திட்டம், சில வகைக் கப்பக் கிருமிகளின் பூட்டைத் திறக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றது. ஆகவே பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாமல் ஒரு புறமாக வையுங்கள். எமது நாட்டில் கணினிப் பாதுகாப்புக்கென 2006-இல் அமைக்கப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். பிறர் கணினியை அனுமதியின்றித் தாக்குவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

கடைசியாக ஒன்று. "வங்கியிலிருந்து பேசுகின்றோம், தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பவரை எந்த அன்ரிவைரஸும் தடுக்காது. "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, நாங்கள் தூரத்திலிருந்து சரிசெய்கின்றோம்" என்று அழைப்பவரையும் தடுக்காது. அந்த இடத்தில் காவலாளி நாமேதான். தொலைபேசியை வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வங்கிக் கிளைக்கு நேரே போய்க் கேளுங்கள்.

குழுவில் கலந்துரையாடுவோம்

1. எமது வீட்டுக் கணினியில் அல்லது கைத்தொலைபேசியில் உள்ளவற்றுள், போனால் திரும்பப் பெற முடியாதவை எவை? ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. அவற்றுக்கு இன்று எத்தனை பிரதிகள் உள்ளன? எங்கே உள்ளன?

3. எமது ஊரில் யாருடைய கணினியில் கிருமி வந்தது? மேலே சொன்ன நான்கு வழிகளுள் எந்த வழியால் வந்திருக்கலாம்?

4. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வெளி வன்தட்டை வாங்கினால், ஒவ்வொரு குடும்பத்தின் பத்திரங்களையும் மற்றவர் பார்க்காதபடி அதில் எப்படி வைக்கலாம்? அதை யார் வீட்டில் வைப்பது?

5. கணினி தெரிந்த பிள்ளைகள் மாதம் ஒரு நாள் சங்க மண்டபத்தில் இருந்து, வயதானவர்களின் காணிப் பத்திரங்களை ஸ்கான் செய்து அவரவர் பென் ட்ரைவில் கொடுக்க ஒழுங்கு செய்ய முடியுமா? அப்படிச் செய்தபின் அந்தக் கணினியில் உள்ள நகல்களை அழிக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இரண்டாம் கேள்விக்கான விடையில் ஒன்றாவது கூடியிருக்கட்டும்.